அப்பாயி சொன்ன புதுப்பட்டி எது? உதவி தேவை

எங்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுகிறேன். நான் கூடலூரில் இருக்கிறேன். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப 1964-இல் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி, 1971-இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அங்கே கள்ளத்தோணி (திருட்டுத்தனமாகப் படகில் வந்தவர்) என்றார்கள், இங்கே இன்றும் சிலோன்காரர்தான். என் பிள்ளைகளுக்காவது இதுதான் நம்ம ஊர் என்று ஓர் இடத்தைக் காட்ட வேண்டும்.

கையில் இருப்பது தாத்தாவின் பாஸ்போர்ட். அதில் 'புதுப்பட்டி, திருச்சி ஜில்லா' என்று இருக்கிறது, தாலுகா பெயர் மேல் சீல் மை பரவி ஒன்றும் தெரியவில்லை. அன்றைய திருச்சி ஜில்லா என்றால் இன்றைய புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் சேர்ந்தது, அதில் எத்தனை புதுப்பட்டி என்று உங்களுக்கே தெரியும். துறையூர், பொன்னமராவதி பக்கம் நேரில் போய் விசாரித்தேன், கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய பதிவும் கேட்டுப் பார்த்தேன், பலனில்லை. தோட்டத்துக்கு ஆள் அனுப்பும்போது அடையாளத்துக்காகக் கொடுத்த, பூட்டனாருடைய தகர வில்லை ஒன்றும் இருக்கிறது, கழுத்தில் கட்ட ஓட்டை போட்டது, ஆனால் அதில் தோட்டத்தின் எண்தான் இருக்கிறதே தவிர ஊர் இல்லை.

அப்புறம், குலதெய்வம் பெரியண்ணசாமி. கோயிலை ஒட்டி ஓடை, பக்கத்தில் கன்னிமார் கற்கள் என்று காலமான அப்பாயி சொல்லியிருக்கிறார். இலங்கையில் எங்கள் குடும்பம் இருந்த தோட்டம் டிக்கோயா பக்கம். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊர்க்காரர்களையே கூட்டிப்போனதால், வேறு குடும்பங்களும் அங்கிருந்து போயிருக்க வேண்டும்.

ஓடைக்கரையில் பெரியண்ணசாமி கோயில் இருக்கிற, டிக்கோயாவுக்கு ஆள் போன புதுப்பட்டி எதுவென்று யாருக்காவது தெரியுமா?