மேசைமேல் காளையார்கோயில் காடு: சிற்றுருவப் படை கட்டியவர்களின் அனுபவங்கள்

கானாடுகாத்தானிலிருந்து

சிவகங்கைச் சீமைப் படையை 28 மி.மீ. அளவில், அதாவது ஓர் ஆள் ஏறக்குறைய அவ்வளவு உயரம் வரும்படி, கட்டி முடித்துவிட்டேன். களம் 1801-ஆம் ஆண்டுப் போர். மருது பாண்டியர் பக்கம் 80 உருவங்கள், எதிரே கர்னல் அக்னியூவின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு 60. வார்கேமிங்குக்காக, அதாவது மேசைமேல் சிற்றுருவங்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்காக, படை கட்டுகிறவர்கள் நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறோம். அவரவர் அனுபவத்தை எழுதி வைத்தால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும். நான் தொடங்குகிறேன்.

கடையில் நெப்போலியன் படை கிடைக்கிறது, ரோமானியப் படை கிடைக்கிறது. பாளையக்காரர் படைக்கென்று ஒரு பெட்டி நான் தேடியவரை அகப்படவில்லை. மைசூர், மராட்டியக் காலாட்படை உருவங்களை வெள்ளை உலோகத்தில் வாங்கி, அங்கியைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, பிசைந்து ஒட்டும் எம்-சீல் வைத்து வேட்டியும் முண்டாசும் கட்டினேன். எம்-சீல் சொரசொரப்பானது, முகத்துக்கு ஆகாது. முண்டாசுக்கு அதைவிடத் தோதான பொருளை நான் பார்க்கவில்லை. ஈரக் குச்சியால் இழுத்தால் மடிப்பு தானாக விழுகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஈட்டி. நம் பக்கத்துக் கள்ளர் நாட்டு வீரர்கள் 18 அடி ஈட்டி வைத்திருந்தார்கள் என்று கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். 18 அடி என்றால் ஐந்தரை மீட்டர். நம் உருவ அளவுக்கு, அதாவது 56-இல் ஒரு பங்காகக் குறைத்தால் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே வரும். ஆள் மூன்று சென்டிமீட்டர், ஈட்டி பத்து சென்டிமீட்டர்! படிக்கும்போது வெறும் எண்ணாகக் கடந்து போனது, கையில் ஒட்டி நிறுத்தியதும் வேறு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு நீள ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுடைய தோளும் இடுப்பும் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். ஈட்டிக்குக் கம்பி போட்டுப் பார்த்ததில் வளைந்துவிட்டது. இப்போது காய்ந்த ஈர்க்குதான். நுனியை நோக்கித் தானே மெலிந்து வருவதால் சீவும் வேலை மிச்சம்.

அடுத்தது தோல் நிறம். பெயின்ட் அடிப்பதற்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்கு எழுதியவை. நான் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பில் தொடங்கி, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்த்து, மேட்டுப் பகுதிகளுக்கு மட்டும் யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள் ஒரு பொட்டுக் கலந்து வெளுப்பாக்குகிறேன். பள்ளங்களில் இறங்க நீர்க்கக் கரைத்துப் பூசும் பெயின்டான வாஷில் கறுப்பைப் போடுவதில்லை, அது தோலைச் செத்த நிறமாக்கிவிடுகிறது. அடர் பழுப்பு வாஷ் போதும். எல்லாருக்கும் ஒரே கலவை வேண்டாம். நம் ஊர்ச் சந்தையில் நின்று பாருங்கள், எத்தனை கறுப்பு, எத்தனை மாநிறம். மேசையிலும் அது தெரிய வேண்டும்.

கம்பெனிச் சிப்பாய்களும் நம் தோல் நிறம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. சிவப்புச் சட்டை, தொடை வரை வரும் வெள்ளை அரைக்கால்சட்டை, அதன் ஓரத்தில் நீல வரி, தலையில் நீலத் தலைப்பாகை. 80 பேரை ஆளுக்கொரு விதமாக அடித்து முடித்துவிட்டு, அந்த நீல வரியை ஒரே மாதிரி 60 பேருக்கு இழுக்க உட்கார்ந்தபோது, சீருடை என்பது எதற்காகப் போடப்பட்டது என்பது எனக்கு விளங்கியது.

தரைக்குச் செம்மண். சலித்து, தோசைக்கல்லில் வறுத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டினேன். நம் மண்ணுக்கு நிறம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் 1801-க்கு மேசை போடும்போது இன்று கண்ணில் படுகிற பலவற்றை எடுத்தாக வேண்டும். சீமைக் கருவேலம் இந்தியாவுக்கு வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் 1801-க்குப் பிந்தியவை. இவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கோயில், ஊருணி, பனை, முள்காடு. அந்தக் காட்டைப் பற்றிக் காளையார்கோயில் பக்கத்து ஆசிரியர் எழுதினால் நல்லது, அவர் அதில் நிறைய வேலை செய்திருக்கிறார்.

பள்ளத்தூரிலிருந்து

அண்ணே, நான் கட்டுறது 1780. வேலு நாச்சியார் திண்டுக்கல் பக்கம் இருந்து ஹைதர் அலி உதவியோட திரும்பி வந்து சீமையை மீட்ட ஆண்டு. 1772-ல காளையார்கோயில்ல கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்து எட்டு வருசம் காத்திருந்து வந்த படை. அதனால முகங்களை ரொம்பப் பொறுமையா அடிச்சேன்.

சிக்கல் என்னன்னா பெண்கள் படை. அவங்க எப்படிச் சேலை கட்டியிருந்தாங்கன்னு காட்டுற அந்தக் காலத்துப் படம் எதுவும் என் கைக்கு வரலை. ரெண்டு மூணு விதமா எம்-சீல்ல செஞ்சு பட்டாசாலைல வரிசையா வச்சிருந்தேன். எங்க ஆயா வந்து உட்கார்ந்தாக. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்து, முன்னால பாக்காம முதுகைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தாக. "பின்கொசுவம் வச்சதை மட்டும் எடு ஆத்தா. முன்கொசுவத்தை வச்சுக்கிட்டு வரப்புல ஓட முடியுமா? நாங்க அப்படித்தான் நெல்லுத் தூக்குனோம்"னாக. அந்த ஒரு வார்த்தையில தீர்ந்துபோச்சு. மொத்தப் பெண்கள் படைக்கும் பின்கொசுவம், கணுக்காலுக்கு மேல ஏத்திக் கட்டின சேலை.

நிறம் எண்ணெய்ச் சிவப்பு, மஞ்சள், கரு நீலம். கண்டாங்கிக் கட்டம் போட ஆசைதான், ஆனா 28 மி.மீ.ல கட்டம் போட்டா தூரத்துல அழுக்காத் தெரியுது. ஓரக்கரை மட்டும் இழுத்தேன், மூணு சுழி (000) போட்ட மெல்லிசான பிரஷ்ல. நாச்சியார் படையில இருந்து தன் மேல தீ வச்சுக்கிட்டு ஆயுதக் கிடங்குல பாய்ஞ்சாங்கன்னு சொல்ற குயிலிக்கு மட்டும் தனி பேஸ் (அடித்தட்டு). கையில தீப்பந்தம் வைக்கலை, நடந்து வர்ற மாதிரி மட்டும் வச்சிருக்கேன்.

இதைச் செய்யத் தொடங்கின பொண்ணுங்க யாராச்சும் இருந்தா எழுதுங்க. ஆயா இப்ப தினமும் கேக்குறாக, அடுத்த ஆளு எப்ப வருவான்னு.

திருமயம் பக்கமிருந்து

சுருக்கமாக இரண்டு செய்தி.

ஒன்று, பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர். நம் வெயிலில் மதியத்தில் ஸ்பிரே அடித்தால் துளி காற்றிலேயே காய்ந்து உருவத்தின்மேல் மணல் மாதிரி படியும். விடியற்காலையில் அடியுங்கள். அக்ரிலிக்கும் தட்டிலேயே காய்கிறது என்பவர்கள் மூடி போட்ட டப்பாவில் ஈர ஸ்பாஞ்சும் அதன்மேல் பட்டர் பேப்பரும் வைத்துக் கலந்து பாருங்கள்.

இரண்டு, குதிரை. ஐயனார் கோயிலுக்குப் புரவி செய்கிற வேளார் ஒருவரிடம் என் குதிரைப்படையைக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு குதிரையை உள்ளங்கையில் வைத்து, "கழுத்துல மணி இல்லாம யாரு குதிரையை வெளிய விட்டா?" என்று கேட்டார். சேணத்தின் வார் எங்கே போய் முடிகிறது, வால் எப்படிக் கட்டப்பட்டிருக்கும் என்றெல்லாம் அவர் சொன்னது எந்த ஓவியத்திலும் எனக்குக் கிடைக்காதது. போர்க்குதிரைக்கு மணி பொருந்துமா என்பது வேறு கேள்வி. தளபதிகளின் குதிரைகளுக்கு மட்டும் கட்டிவிட்டேன்.

வளைந்த எறி ஆயுதமான வளரியைச் செய்கிறவர்கள் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நேரில் பாருங்கள். ஒரு முனை கனமாகவும் மறு முனை மெலிந்தும் இருக்கும். அந்த எடை வித்தியாசம் படத்தில் பிடிபடாது. பேப்பர் கிளிப்பைத் தட்டையாக அடித்து வளைத்தால் அந்த உருவம் வந்துவிடுகிறது.

காளையார்கோயில் பக்கமிருந்து

ஐயா கேட்டதால் எழுதுகிறேன். பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு விளையாடுவதற்காகத்தான் நான் இதில் இறங்கினேன்.

1801 ஆகஸ்டில் அக்னியூ சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றார். ஒரு மாதம் போல வெட்டியும் முடியாமல் கைவிட்டார். பிறகு அக்டோபர் 1-ஆம் தேதி வேறு வழிகளில் வந்துதான் காளையார்கோயிலைப் பிடித்தார். ஆகவே இந்தப் போரில் காடுதான் முதல் படை என்பது என் கருத்து. வீரர்களுக்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது காட்டுக்குக் கொடுங்கள். நான் ஆசாரியிடம் மெல்லிய பலகைத் துண்டுகள் அறுத்து வாங்கி, ஒவ்வொன்றிலும் முள்செடி வேர்களை நட்டு, தனித்தனியாக எடுக்கும்படி செய்தேன். கம்பெனிப் பக்கம் ஒரு சுற்றுக்கு ஒரு பலகையை வெட்டி எடுக்கலாம். வெட்டுகிறவர்களைக் காக்கச் சிப்பாய்களை நிறுத்த வேண்டும். நிறுத்திய சிப்பாய்கள் முன்னேற முடியாது. பாதை நீள நீளக் காவலுக்கு ஆள் போதாமல் போகும். மருது பக்கத்துக்கு எந்தச் சுற்றில் எந்தப் பலகைக்குள்ளிருந்து வெளிப்படுவது என்பது மட்டும்தான் முடிவு.

வளரிக்கு எவ்வளவு தூரம் கொடுப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சின்ன மருதுவிடமே ஈட்டியும் வளரியும் எறியக் கற்றவர் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். தேர்ந்த கையில் அது 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்று அவர் எழுதியிருக்கிறார். துப்பாக்கிக்குப் பயனுள்ள தூரமும் ஏறக்குறைய அவ்வளவே. அதனால் என் விதியில் இரண்டுக்கும் ஒரே தூரம். ஆனால் வளரிக்கு மருந்து கெட்டிக்க வேண்டாம் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் எறியலாம்.

அதே வெல்ஷ்தான் ஊமைத்துரையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பாஞ்சாலங்குறிச்சி மே 24-ஆம் தேதி விழுந்தபின் மருதுகளோடு வந்து சேர்ந்தவர் அவர். வாய் பேச முடியாதவர், படையைச் சைகையால் நடத்தினார். சிறு வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் ஆங்கிலப் படை. நேரத்தைச் சைகையால் காட்டிவிட்டு, வலது கையால் அவற்றை ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளுவார், வாயால் 'உஸ்' என்று ஓர் ஒலி. அது தாக்குதலுக்கான ஆணை. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் போர் விளையாட்டை உருவாக்கியது 1812-இல். அதற்குப் பதினோரு ஆண்டு முன்பே நம் மண்ணில் ஒருவர் துண்டுகளைப் படையாக வைத்துத் திட்டம் சொல்லியிருக்கிறார். அவரை வாள் ஓங்கிய நிலையில் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இடது கையை விரித்து, பழைய பிரஷ்ஷின் மயிரை நறுக்கி உள்ளங்கையில் ஒட்டியிருக்கிறேன்.

சென்ற ஆட்டத்தில் அக்னியூவாக இருந்த மாணவி ஆறு பலகை வெட்டியபின் நிறுத்திவிட்டாள். "சார், இது வழியே இல்லை, சுத்தித்தான் வரணும்" என்றாள். அக்டோபர் 1 பற்றி நான் இன்னும் வகுப்பில் சொல்லியிருக்கவில்லை.

கானாடுகாத்தானிலிருந்து

ஆசிரியருக்கு: அந்தப் பலகைகளின் அளவை அனுப்புங்கள், என் மேசைக்கும் அதே அளவில் அறுக்கச் சொல்கிறேன். இரண்டு காட்டையும் ஒட்டி வைத்தால் சிறுவயலிலிருந்து காளையார்கோயில் வரை முழு வழியும் வந்துவிடும். பள்ளத்தூர்த் தங்கச்சி, ஆயாவிடம் ஆண்களின் முண்டாசைப் பற்றியும் கேட்டு எழுதம்மா.