இறுதி ஊர்வல வேட்டு: ரோட்டில் போகிறவர்கள் யாரிடம் முறையிடுவது?

கோட்டையூர்க்காரி:
போன புதன்கிழமை சாயங்காலம் காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் அப்பத்தா, மடியில் மருந்துப் பை. எதிரே இறுதி ஊர்வலம் வந்ததால் ஓரமாக நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். முன்னால் வந்த பையன் நடு ரோட்டில் சரத்தை விரித்துப் பற்றவைத்தான். எங்களுக்கும் அதற்கும் பத்தடிகூட இருக்காது. ஒரு வெடி துள்ளி வந்து அப்பத்தா மடியில் விழுந்து வெடித்தது. பதறி இறங்கப் போனவர் வண்டியோடு சாய்ந்தார். மணிக்கட்டில் எலும்பு விரிசல். கண்டாங்கிச் சேலையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை, ஓரமெல்லாம் கருகியிருக்கிறது.

கேத வீட்டுக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஐயா இறந்தபோது நாங்களும் வேட்டுப் போட்டோம். அன்றைக்கு ரோட்டோரம் யார் யார் நின்றார்கள் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அது உறுத்துகிறது. இதற்குச் சட்டம் ஏதும் இருக்கிறதா? துக்கத்தில் இருப்பவர்களோடு சண்டை போடாமல் எப்படித் தடுப்பது?

செக்காலை வாசி:
அப்பத்தாவுக்கு வலி குறைந்திருக்கிறதா, தங்கச்சி? சட்டம் தாராளமாக இருக்கிறது. சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை போட்டுவிட்டது. வெடியை அஜாக்கிரதையாகக் கையாண்டு அடுத்தவருக்கு ஆபத்து உண்டாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 288-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. நடக்கும்போதே 112-க்குக் கூப்பிடலாம். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், புகார் கொடுப்பதென்றால் வேண்டும்.

அப்புறம் ஒன்று, தப்பாக நினைக்காதீர்கள். அப்பத்தா ஹெல்மெட் போட்டிருந்தாரா? பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம், இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். மணிக்கட்டு பட்ட இடத்தில் தலை பட்டிருந்தால்? கொண்டை இடிக்கிறது என்று எங்கள் அம்மாவும் மாட்டவே மாட்டேன் என்றார். கொண்டையைப் பிடரிக்கு இறக்கி முடியச் சொன்னேன், சரியாக உட்கார்ந்தது.

திருப்பத்தூர் மருமகள்:
எங்கள் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த இடம் 1977-இல்தான் சரணாலயம் ஆனது. ஊர்க் கட்டுப்பாடு அதற்கும் முந்தியது. வருஷா வருஷம் வனத்துறை அவர்களுக்கு இனிப்புக் கொடுக்கிறது. நாரைக்குக் கேட்கிற ஊர் அப்பத்தாவுக்குக் கேட்காதா? கேதம் நடக்கும் அன்று பேசாதீர்கள். காரியமெல்லாம் முடியட்டும், ஊர்ப் பெரியவர்களிடம் அந்தச் சேலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கோட்டையூர்க்காரி:
இல்லை அண்ணே, ஹெல்மெட் என் தலையில் மட்டும்தான் இருந்தது. நேற்று அப்பத்தாவுக்கும் ஒன்று வாங்கிவிட்டேன். அக்கா சொன்ன மாதிரி சேலையை எடுத்துக்கொண்டு பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இனிமேல் மெயின் ரோட்டில் வேட்டு வேண்டாம், சுடுகாட்டுப் பாதையில் திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளட்டும் என்று ஊர்க் கூட்டத்தில் அவரே பேசுகிறாராம். கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அப்பத்தாவும் கட்டுப் போட்ட கையோடு வருகிறேன் என்கிறார்.