புதுப்பிப்பு: உள்ளங்கைக் கொப்புளங்களுக்கு விடை கிடைத்தது

சொரியாசிஸ் என்ற தோல் அழற்சி நோய்க்கு அடலிமுமாப் ஊசி போடத் தொடங்கிய நான்காம் மாதத்தில், முழங்கைப் படைகள் மறைந்த வேளையில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிறுசிறு சீழ்க்கொப்புளங்கள் வந்ததாக முன்பு எழுதியிருந்தேன். ஒவ்வாமையா, கிருமித்தொற்றா என்று கேட்டிருந்தேன். இரண்டும் இல்லை.

சீழில் கிருமி எதுவும் வளரவில்லை. தோல் துணுக்கை எடுத்துச் சோதித்ததில் சொரியாசிஸுக்குரிய மாற்றங்களே தெரிந்தன. நோயை அடக்கும் மருந்தே அதன் இன்னொரு வடிவத்தைக் கிளப்பிவிட்டதாம்! டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை அடலிமுமாப் தடுக்கும்போது, அந்தப் புரதம் அடக்கிவைத்திருந்த இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற இன்னொரு புரதம் சிலருக்குக் கட்டு மீறுகிறது என்பது மருத்துவர் சொன்ன விளக்கம். அரிதுதான், ஆனால் மருத்துவ உலகம் அறிந்த விளைவு. இதைக் கேட்டபோது வந்தது ஆறுதலா எரிச்சலா என்று தெரியவில்லை.

பூச்சுமருந்து மட்டும் போதவில்லை. எனவே வேறு பாதையில் வேலை செய்யும் உஸ்டெகினுமாப்புக்கு மாற்றினார்கள்: முதல் ஊசி, 4 வாரம் கழித்து அடுத்தது, பிறகு 12 வாரத்துக்கு ஒன்று. இரண்டாவது ஊசிக்குப் பின் புதிய கொப்புளம் இல்லை. தோல் உரிகிறது, குதிகால் வெடிப்பு மட்டும் இன்னும் வலிக்கிறது.

ஊசியை நானாக நிறுத்திவிடலாமா என்றும் அப்போது கேட்டிருந்தேன். நிறுத்தாமல் படங்களோடு மருத்துவரிடம் போனதே நல்லதாயிற்று.