அப்பாவின் பழைய வெப்ளி ரிவால்வர்: எண்பதாயிரம் நியாயமான விலையா?

குலசேகரம் ரப்பர்:
அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். அப்பா மிலிட்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர், பேச்சிப்பாறை ரோட்டில் கொஞ்சம் ரப்பர் உண்டு. லைசென்ஸோடு ஒரு வெப்ளி அண்ட் ஸ்காட் மார்க் 4 வைத்திருந்தார், 32 போர் (குண்டின் அளவு). ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் பழைய வேட்டித் துணியை விரித்து, கட்டைவிரலால் பூட்டைத் தள்ளிப் பேரலை மடக்குவார், ஆறு துளையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், எண்ணெய் போடுவார், அவ்வளவு நேரமும் எங்களைப் பக்கத்தில் விடமாட்டார். தேர்தல் நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார், திரும்ப வாங்கும் முன்னாலேயே காலமாகிவிட்டார். இப்போது ஒரு டீலர் எண்பதாயிரம் தருகிறேன், உடனே முடித்துவிடலாம் என்று தினமும் போன் பண்ணுகிறார். கொடுத்துவிடலாமா?

தக்கலை ஆர்மரர்:
தம்பி, அவசரப்படாதே. நான் பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்த்தவன். 2014-இல் கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரி நிர்பீக் ரிவால்வரை இறக்கியபோதே அதன் விலை ஏறத்தாழ 1.22 லட்சம். அதுவும் 32 போர்தான், அரை கிலோ எடை. எண்பதுகளில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி சாதாரண ஆட்களுக்கு நின்றுபோனது, அதனால் நாட்டுக்குள் இருக்கிற பழைய சரக்கைத்தான் சுற்றிச் சுற்றி விற்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கிற, இங்கிலாந்து பர்மிங்காமில் செய்த வெப்ளி பல லட்சத்துக்குப் போகிறது என்றால் அதுதான் காரணம், இரும்பில் ஏதோ மாயம் இருப்பதால் அல்ல.

ஆனால் நிலை முக்கியம். டபுள் ஆக்‌ஷனில் ஒரே ட்ரிகர் இழுப்பில் ஹாமர் (தோட்டாவை அடிக்கும் சுத்தி) பின்னால் போகணும், சிலிண்டர் (ஆறு துளை உள்ள உருளை) அடுத்த துளைக்குத் திரும்பணும், ஹாமர் விழுவதற்குள் சிலிண்டர் அசையாமல் பூட்டிக்கொள்ளணும். தேய்ந்த ரிவால்வரில் பூட்டுவதற்கு முன்னாலேயே ஹாமர் விழும், துளை பேரலுக்கு நேராக நிற்காது, குண்டு விளிம்பில் உரசி ஈயம் பக்கவாட்டில் தெறிக்கும். வெளியே பாலிஷ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது ஆபத்தான துப்பாக்கிதான். சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறதா, மடக்குப் பூட்டு தளர்ந்திருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள ஒரு ரிப்பேர்காரரிடம் காட்டாமல் விலை பேசவே கூடாது.

மார்த்தாண்டம் வக்கீல்:
அதற்கும் முன்னால் பேப்பர். அப்பா போனதோடு அவர் லைசென்ஸும் போயிற்று. உங்கள் பெயரில் லைசென்ஸ் வரும்வரை அதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, ஸ்டேஷனில் இருப்பதே நல்லது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தது, எல்லாம் சேர்த்து நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பம் போடுங்கள். 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு இதற்கென்றே வழி இருக்கிறது. விற்பதானாலும் போனில் முடிகிற காரியம் இல்லை, அந்த டீலர் அவசரப்படுத்துவதே எனக்குப் பிடிக்கவில்லை.

குளச்சல்காரன்:
நான் அமெரிக்காவில் இருக்கிறேன், இங்கேயும் ஏறத்தாழ இதே கதைதான். கோல்ட் (Colt) கம்பெனியின் பைத்தான் ரிவால்வர் 1955-இல் வந்தது, உள்ளே இருக்கும் பாகங்களை ஆள் உட்கார்ந்து கையால் அரம் போட்டுப் பொருத்த வேண்டும், அந்தக் கூலி கட்டுப்படியாகாமல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தின பிறகுதான் பழையதுக்குக் கிராக்கி ஏறியது. 2020-இல் கம்பெனியே புதிதாக வடிவமைத்துத் திரும்பக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் கோர்த், பிரான்ஸின் மனூரின் எம்ஆர் 73 ரிவால்வர்கள் எல்லாம் இன்னும் விலை கூடுதல், அதற்கும் ஆள் இருக்கிறது. பிளாஸ்டிக் பிடி வைத்த பிஸ்டல் மலிவாகக் கிடைக்கும்போதும் அந்த ட்ரிகர் இழுப்பின் வழுவழுப்புக்காகவே காசு கொடுக்கிறார்கள்.

குலசேகரம் ரப்பர்:
ரொம்ப நன்றி அண்ணே. டீலரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடமும் அக்காவிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை நாகர்கோவில் போகிறேன். லைசென்ஸ் கிடைத்தால் விற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் யோசிக்கிறேன், அந்த வேட்டித் துணி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

தக்கலை ஆர்மரர்:
ஸ்டேஷனில் கொடுத்த ரசீது பத்திரமா தம்பி? அதில் துப்பாக்கி நம்பர் இருக்கும், லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கிற நம்பரோடு ஒத்துப் பார்த்துவிட்டுப் போ.