ஒளியூட்டலா, ஏட்டணியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கலைச்சொல் பட்டியலில், கையெழுத்து நூல்களின் பக்கங்களைத் தங்கத்தாலும் வண்ணத்தாலும் அழகுபடுத்தும் 'இல்லுமினேஷன்' கலைக்கு 'ஒளியூட்டல்' என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். லத்தீன் வேருக்கு அது சரிதான். ஆனால் படிப்பவர் மனத்தில் விளக்குதான் வரும். 'ஒளியோவியம்' இன்னும் சிக்கல், சினிமாக்காரர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். தங்கரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தகட்டை, வைத்துச் சொல் அமைக்கலாம் என்ற யோசனையும் முழுதாகப் பொருந்தவில்லை.

இன்றைய பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்தில் இந்தக் கலையைச் செய்த 16-ஆம் நூற்றாண்டு ஓவியர் சைமன் பெனிங்கைப் பாருங்கள். தந்தை அலெக்சாண்டரும் இதே தொழில். கர்தினால் ஆல்பிரெக்டுக்காக 1525-30 அளவில் அவர் வரைந்த ஜெபப் புத்தகம் இப்போது அமெரிக்காவின் கெட்டி (Getty) அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துப் புரூஜ் பட்டறைகளில், பக்க ஓரத்துக்குத் தங்கத்தை ரேக்காக ஒட்டுவதைவிடப் பொடியாக்கிப் பிசினில் குழைத்துப் பூசுவதே அதிகம். அந்தப் பொன்தளத்தின் மேல் உதிர்ந்த பூக்களும் ஈயும் வண்ணத்துப்பூச்சியும் தங்கள் நிழலோடு கிடக்கும். உண்மைப் பூ என்று கை போகும் அளவுக்கு அழகு!

எனவே என் முன்மொழிவு 'ஏட்டணி'. ஏட்டறிவு போல ஏடு + அணி. செய்பவர் 'ஏட்டணிக் கலைஞர்'. 'ஏடு என்றால் பனையோலைதானே' என்று கேட்கலாம். நாளேடும் கையேடும் காகிதத்தில்தானே வருகின்றன? அந்த நூல்களின் விலங்குத்தோல் தாளுக்கும் அது தாங்கும்.

'மினியேச்சர்' என்பதற்கான 'நுண்ணோவியம்' போதாதா என்ற கேள்விக்கும் பெனிங் குடும்பமே பதில். மகள் லெவினா தேர்லிங்க் 1546 முதல் இங்கிலாந்து அரசவையில் ஆண்டுக்கு 40 பவுண்டு ஊதியம் பெற்ற ஓவியர். நூலில் சேராத, கையடக்கமான உருவப்படங்களுக்காக அறியப்பட்டவர். அவை நுண்ணோவியம். தந்தை நூல்களுக்குச் செய்தது ஏட்டணி. 1558-இல், 75 வயதில், கையில் மூக்குக்கண்ணாடியோடு சன்னலருகே தன்னையே வரைந்தாரே, அது மட்டும் மகளின் பக்கம் சேரும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இந்த வேறுபாடு போய்விடும். இன்னொன்று, 'மினியேச்சர்' என்ற சொல்லே சிறுமையிலிருந்து வந்ததல்ல. செந்நிற ஈயச் செந்தூரத்தின் லத்தீன் பெயரான 'மினியம்' என்பதிலிருந்து வந்தது.

அப்புறம், பூக்கள் கிடக்கும் அந்த ஓரப்பகுதிக்குப் பட்டியலில் 'விளிம்பு அலங்காரம்' என்றிருக்கிறது. 'கரை' என்று மாற்றலாமா? சேலைக்கும் வேட்டிக்கும் நாம் சொல்வதுதான்.