பொருள்: ‘டிரேட்’ – கூடைப்பந்துக் கலைச்சொல் வேண்டும் (அவசரம்)

அனைவருக்கும் வணக்கம்.

என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பற்றிய ஒரு கட்டுரையை நாளைக் காலைக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். நட்சத்திர முன்கள வீரரை அணி டிரேட் செய்யலாமா (வேறு அணிக்குக் கொடுத்துப் பதிலுக்கு ஆள் வாங்கலாமா), வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் பத்திக்குப் பத்தி. ‘வர்த்தகம்’ என்றால் வீரர் கடை திறந்த மாதிரி இருக்கிறது. ‘மாற்றம்’ என்றால் ஆட்டத்தின் நடுவே ஒருவரை உட்காரவைத்து இன்னொருவரை இறக்குவதோடு குழம்பும். காற்பந்தின் ‘இடமாற்றம்’ பெரும்பாலும் பணத்துக்கு நடப்பது. இங்கே ஆளுக்கு ஆள். கைகொடுங்கள்.

*

தம்பிக்கு,

பண்டமாற்று இருக்கையில் ஏன் அலைகிறீர்கள்? ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’ என்று உமணர் மகள் கூவி விற்றது அகநானூற்றிலேயே (140) இருக்கிறது.

*

> பண்டமாற்று இருக்கையில்

ஐயா, உப்பு அஃறிணை. கூடைப்பந்து வீரர் டெமார் டிரோசன் உயர்திணை. டொராண்டோவே தன் ஊர் என்று இருந்தவரை 2018 ஜூலையில் சான் அன்டோனியோவுக்கு அனுப்பிவிட்டு கவாய் லெனர்டை வாங்கினார்கள். அவரைப் போய்ப் பண்டம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

*

அம்மா, அவரைக் கேட்டா அனுப்பினார்கள்? மறுக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவே லீகில் 8 ஆண்டு ஆடியிருக்க வேண்டும், அதில் 4 ஆண்டு அதே அணியில். மிகச் சிலருக்கே அது வாய்க்கிறது. பண்டமாகத்தான் நடத்துகிறார்கள். அதைச் சொல் ஏன் பூசி மெழுக வேண்டும்?

இன்னொன்று. 2019-இல் டொராண்டோ கோப்பையை வென்றது. அதே கோடையில் லெனர்டு கிளம்பிப் போய்விட்டார். ஒரே ஒரு பருவத்துக்காக ஊரின் செல்லப்பிள்ளையைக் கொடுத்தது சரியா என்று கேட்டால், சரிதான் என்பேன்.

*

அன்பர்களே,

சங்கத்தமிழில் இதற்கென்றே வினை இருக்கிறது: நொடுத்தல். ‘மீன் நொடுத்து நெல் குவைஇ’ (புறம் 343). மீனைக் கொடுத்து நெல்லை வாங்குகிறார்கள். காசு நடுவில் வரவே இல்லை. பெயர் ‘நொடை’. ‘டுரண்டை நொடுத்தார்கள்’ என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு கச்சிதம்! டிரேட் செய்வதற்கான கெடு நாள் ‘நொடைக்கெடு’. ‘கொடு’வும் ‘நொடு’வும் ஓசையில் ஒத்திருப்பது தற்செயல் அன்று என்பது என் துணிபு. அதைத் தனி இழையில் விரிக்கிறேன்.

*

தனி இழையில் என்பதை வழிமொழிகிறேன். :-)

‘நொடு’ என்றதும் இன்று காதில் விழுவது ‘நொடித்துப் போனான்’தான். நட்சத்திர வீரரைக் கொடுத்த அணிக்குப் பல நேரம் அதுவும் பொருந்தும் என்பது வேறு கதை.

*

கூடைப்பந்துப் பயிற்சி தருபவன் என்ற முறையில்: பிள்ளைகள் டிரேட் என்கிறார்கள். டிரேட் என்றே எழுதுங்கள். பேருந்து வந்த பிறகும் பஸ் நின்றுவிடவில்லையே.

*

பஸ்ஸை விடுங்கள். எந்தச் சொல்லானாலும் அது எதைத் தாங்க வேண்டும் என்று யாரும் பார்க்கவில்லை. போவது ஆள் மட்டுமில்லை. அவருடைய ஒப்பந்தம் அப்படியே போகிறது. இரு பக்கச் சம்பளமும் விதிப்படி பொருந்தி வர வேண்டும். ஆளே இல்லாத பொருளும் கைமாறும். 2023 பிப்ரவரியில் கெவின் டுரண்டைப் பீனிக்ஸுக்குக் கொடுத்த புரூக்ளினுக்குக் கிடைத்தவை மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், கூடவே 4 முதல் சுற்றுத் தெரிவுரிமைகள் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சுற்றில் ஆளெடுக்கும் உரிமை). ஆகவே ‘ஆள்மாற்று’ என்று யாராவது கிளம்பினால் அது நிற்காது.

2019-இல் பால் ஜார்ஜைக் கொடுத்த ஒக்லஹோமா சிட்டி 5 முதல் சுற்று உரிமைகளையும், அப்போது ஓர் ஆண்டே ஆடி முடித்திருந்த ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் பெற்றது. 2025-இல் அவரை வைத்துத்தான் கோப்பை. கட்டுரையின் கேள்விக்கே விடை அங்கே பாதி இருக்கிறது: யாரைக் கொடுக்கிறோம் என்பதைவிட, வருகிறவருக்கு என்ன வயது என்று பார்க்க வேண்டும்.

என் பரிந்துரை ‘கைமாற்று’.

*

கைமாற்று வாங்கினால் திருப்பித் தர வேண்டுமே ஐயா! ‘லெனர்டைக் கைமாற்றாக வாங்கினார்கள்’ என்றால் அடுத்த மாதம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்றல்லவா படிப்பேன். ‘பரிமாற்றம்’ போதாதா?

*

பெயராக இருக்கும்வரை போதும். வினையாக்கினால் ‘டுரண்டைப் பரிமாறினார்கள்’. இலை போட்டுவிட்டார்கள் போங்கள்.

*

அனைவருக்கும் நன்றி. நேரமாகிவிட்டதால் இப்படி முடித்திருக்கிறேன்: பெயருக்கு ‘வீரர் பரிமாற்றம்’, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் டிரேட். வினைக்குத் தனிச்சொல் இல்லை. நான்காம் வேற்றுமையை நம்பி ‘லெனர்டுக்கு டிரோசனைக் கொடுத்தார்கள்’ என்றே எழுதிவிட்டேன். தலைப்பு: ‘நட்சத்திர முன்கள வீரரைக் கொடுத்துவிடலாமா?’ முதலில் ‘முன்னணி வீரர்’ என்று போட்டிருந்தேன். புகழில் முன்னணியா, களத்தில் முன்னணியா என்று தெரியவில்லை.

*

> வினைக்குத் தனிச்சொல் இல்லை

இருக்கிறது. நொடுத்தல். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

*

பரிமாற்றத்துக்கு என் ஒப்புதல், அரை மனதாக. போகட்டும், ‘முன்களம்’ என்றீர்களே: அந்த இடத்தில் ஆடுபவர்களில் சிறியவர், வலியவர் என்று இரண்டு வகை உண்டு. அவர்களுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?