மேக்கும் லினக்ஸும் ஒரே வம்சம் என்றால் ஏன் ஒத்துப்போகவில்லை?

பாளை_பொடியன்:
வண்ணார்பேட்டையில் மாமா ஜாதகம் கணித்து அச்செடுத்துக் கொடுக்கிறார். கடை கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் என் லினக்ஸ் லேப்டாப்பில் விண்டோஸ் மென்பொருளை ஓட்ட உதவும் 'ஒயின்' நிரலைப் போட்டு, எக்ஸ்பி காலத்து ஜாதக மென்பொருளை ஓட்டினேன், ராசிக் கட்டம்கூட அப்படியே வருகிறது. ஆனால் சேக்காளி தன் மேக்கில் சி-யில் எழுதி கம்பைல் பண்ணிக் கொடுத்த பஞ்சாங்க நிரலைத் தட்டினால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்கிறது. மேக்கும் லினக்ஸும் யூனிக்ஸ் வழி, விண்டோஸ்தான் வேற்றாள் என்றுதானே சொல்கிறார்கள்? சொந்தக்காரன் முறுக்கிக்கொண்டு நிற்க அசலூர்க்காரன் வேலை பார்க்கிறான், இது என்ன கணக்கு அண்ணாச்சி?

ஜங்ஷன்_காரன்:
தம்பி, சொக்காரன் என்றாலே வரப்புத் தகராறு இருக்கத்தான் செய்யும். அதிலும் இந்த வம்சமே நேர்கோடு இல்லை. 1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கியது யூனிக்ஸ், அதிலிருந்து பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிளைத்தது பிஎஸ்டி, அதையும் மாக் என்ற கர்னலையும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்த்து ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் ஓர் இயங்குதளத்தைக் கட்ட, நெக்ஸ்டை ஆப்பிள் வாங்கியதில் வந்ததுதான் இன்றைய மேக். லினக்ஸ் அப்படி இல்லை. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் யூனிக்ஸ் மாதிரி நடந்துகொள்ளும்படி புதிதாக எழுதியது.

இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பாசிக்ஸ், 1988-ல் வந்த தரம். அது மூலநிரல், அதாவது மனிதன் எழுதிய வடிவம், எப்படி இருக்க வேண்டும் என்று பேசுமே தவிர, கம்பைல் ஆகி இயந்திர மொழிக்கு மாறிய கோப்பைப் பற்றிக் கவலைப்படாது. 'ஃபைல்' கட்டளை கொடுத்துப் பாருங்க, சேக்காளி தந்தது 'மாக்-ஓ' என்ற கோப்பு வடிவம் என்று காட்டும், லினக்ஸ் தேடுவது 'எல்ஃப்' வடிவம். கர்னல் முதல் சில பைட்டுகளைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடும். மூலநிரலை வாங்கி லினக்ஸிலேயே ஜிசிசி என்ற கம்பைலரில் போடுங்க.

தென்காசி_சாரல்:
ஒயின் ஓடுவது உறவால் இல்லை, உழைப்பால். 1993-லிருந்து ஆட்கள் உட்கார்ந்து விண்டோஸின் நூலகங்களைத் தாங்களே திரும்ப எழுதிவருகிறார்கள். உங்க ஜாதக மென்பொருள் ஒரு விண்டோ திறக்கச் சொன்னால் அதை ஒயின் வாங்கி லினக்ஸிடம் கேட்டுக் கொடுக்கும், ப்ராசஸர் ஒன்றே என்பதால் மற்ற கட்டளைகள் நேரடியாகவே ஓடும். மேக் நிரலுக்கும் டார்லிங் என்று ஒரு முயற்சி உண்டு, அந்த அளவுக்கு வளரவில்லை. சேக்காளியின் மேக் 2020 கடைசியில் வந்த எம்1 சிப் வகை என்றால் ப்ராசஸரே வேறு, அது தனித் தலைவலி.

விண்டோஸுக்கும் பூர்வீகம் உண்டு. அந்த ஜாதக மென்பொருளின் இஎக்ஸ்இ கோப்பை நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து 'எம்இசட்' (MZ) என்று இருக்கும், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் காலத்தில் மைக்ரோசாஃப்டில் இருந்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் (Mark Zbikowski) இனிஷியல். டிரைவுக்கு ஏ, சி என்று எழுத்து வைக்கும் பழக்கம் டாஸுக்கும் முந்தைய சிபி/எம் என்ற இயங்குதளத்திலிருந்து வந்தது. இன்றைய விண்டோஸின் அடித்தளமான என்டி-யை வடிவமைத்த டேவ் கட்லர், அதற்கு முன் டெக் என்ற கணினி நிறுவனத்தில் விஎம்எஸ் என்ற இயங்குதளத்தைச் செய்தவர்.

பாளை_பொடியன்:
மூலநிரலை வாங்கிப் போட்டேன், ஹெடர் கோப்பைக் காணோம் என்கிறது. கோப்பு அங்கேயேதான் இருக்கிறது!

ஜங்ஷன்_காரன்:
பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கும் பாருங்க. மேக் சாதாரணமாக அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடவே விடாது.

பாளை_பொடியன்:
அதேதான், பெயரை மாற்றியதும் ஓடிவிட்டது. இப்போது நட்சத்திரம் முடியும் நேரம் தப்பு என்று மாமா குதிக்கிறார். அவர் வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவர், சேக்காளி எழுதியிருப்பது திருக்கணிதம், இரண்டும் வேறு வேறு கணக்கு. அதற்கு ஒயின் ஏதும் கிடையாதா?